அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் நலாக்சோன்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஓபியாய்டு மருந்துகளை அளவுமீறி உட்கொண்டு மூச்சடங்கும் நிலையில் இருப்போரை மீட்கும் நலாக்சோன் 1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும் அது கல்லூரி விடுதிகளை எட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. இக்காலத்தாழ்வுக்கு மருந்தின் ஆற்றல் பற்றிய ஐயம் காரணமன்று. அதனை யார் வைத்திருக்கலாம், யார் செலுத்தலாம், உதவிக்கு அழைத்தவர் தண்டிக்கப்படுவாரா ஆகிய வினாக்களே தடையாயின என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நலாக்சோன், ஓபியாய்டு, ஃபென்டனில், கல்லூரி வளாகம், பொதுச் சுகாதார வரலாறு.

முன்னுரை

அபினியிலிருந்து பெறப்படும் மார்பின், மார்பினிலிருந்து ஆக்கப்படும் ஹெராயின், முழுதும் செயற்கையாக உருவாக்கப்படும் ஃபென்டனில் ஆகியன ஓபியாய்டு என்னும் ஒரே வகையைச் சார்ந்தவை. இவை வலியைத் தணிப்பன. அளவு மிகுந்தால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதியை ஒடுக்குவன. உயிர்வளி கிடைக்காத மூளை சில நிமிடங்களிலேயே சேதமுறத் தொடங்கும். 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் போதைப்பொருள் அளவுமீறலால் 1,06,699 பேர் இறந்தனர். அவர்களுள் 80,411 பேரின் இறப்பில் ஓபியாய்டுக்குப் பங்கிருந்தது. இத்தகைய சூழலில் உயிர்காக்கும் மருந்து எங்கு இருக்கிறது என்பது, அது இருக்கிறதா என்பதைப் போலவே இன்றியமையாத வினாவாகிறது.

மருந்தின் தோற்றம்

மோசஸ் லெவன்ஸ்டைன், ஜாக் ஃபிஷ்மன் ஆகிய இருவரும் 1961ஆம் ஆண்டு நலாக்சோனுக்குக் காப்புரிமை கோரினர். மூளையில் ஓபியாய்டு பற்றிக்கொள்ளும் ஏற்பிகளை நலாக்சோன் அதனினும் இறுகப் பற்றி, ஓபியாய்டை அங்கிருந்து விலக்குகிறது. அதனால் ஒருசில நிமிடங்களில் மூச்சு மீளும். ஓபியாய்டு இல்லாத உடலில் இது குறிப்பிடத்தக்க விளைவு எதையும் உண்டாக்குவதில்லை. இதன் ஆற்றல் ஏறத்தாழ 30 முதல் 90 நிமிடங்கள் வரையே நிலைக்கும் என்பதால், செலுத்திய பின்னரும் மருத்துவ உதவி தேவைப்படுகிறது.

ஒப்புதலுக்குப் பிறகு இம்மருந்து நெடுங்காலம் மருத்துவமனைகளிலும் அவசர ஊர்திகளிலுமே இருந்தது. 2003ஆம் ஆண்டு ஃபிஷ்மனின் வளர்ப்பு மகனே ஹெராயின் அளவுமீறலால் இறந்தார். ஆய்வகத்தில் விடை கண்ட ஒரு சிக்கல் சமூகத்தில் விடையின்றி இருந்தமைக்கு இதனினும் துயரமான சான்று தேவையில்லை.

சட்டம் திறந்த வழி

மருந்தை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவந்தோர் முதலில் தன்னார்வலர்களே. 1996ஆம் ஆண்டு டான் பிக் தலைமையில் ‘சிகாகோ ரெகவரி அலையன்ஸ்’ அமைப்பு, போதைப்பொருள் பயன்படுத்துவோரிடமே நலாக்சோனை வழங்கத் தொடங்கியது. அவ்வாண்டு முதல் 2014 ஜூன் வரை நாடெங்கும் இத்தகைய அமைப்புகள் 1,52,283 பொதுமக்களுக்கு மருந்தை அளித்தன. 26,463 மீட்புகள் பதிவாயின. மருத்துவப் பயிற்சி இல்லாதோரும் இதனைச் செலுத்த இயலும் என்பதை இவ்வெண்கள் உறுதிப்படுத்தின.

2001ஆம் ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலம், நலாக்சோன் செலுத்தும் பொதுமக்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 2007ஆம் ஆண்டு அதே மாநிலம், அளவுமீறலின்போது அவசர உதவியை அழைப்போரைப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்காக வழக்குத் தொடர்வதிலிருந்து காத்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

கல்விக்கூடங்களில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கார்னெல் பல்கலைக்கழகம் 2002ஆம் ஆண்டு, மது மிகுதியால் மயங்கிய தோழருக்கு உதவி கேட்கும் மாணவரை ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து விலக்கும் விதியைக் கொண்டுவந்தது. அடுத்த இரு ஆண்டுகளில் உதவிக்கான அழைப்புகள் கூடின. தண்டனை அச்சம் ஓர் உயிரிழப்புக் காரணி என்பதைக் கல்விக்கூடங்கள் உணர இது வழிவகுத்தது.

வளாகத்துள் வருகை

2015 நவம்பரில் 4 மில்லிகிராம் நார்கான் மூக்குத் தெளிப்பான் ஒப்புதல் பெற்றமை மற்றொரு திருப்பம். ஊசிக்கான பயிற்சி இனித் தேவைப்படவில்லை. 2016ஆம் ஆண்டு ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மருந்தியல், சமூகப்பணித் துறைகள் இணைந்து ‘ஆபரேஷன் நலாக்சோன்’ திட்டத்தைத் தொடங்கின. 2018 ஏப்ரலில் தலைமை அறுவை மருத்துவர் ஜெரோம் ஆடம்ஸ், பொதுமக்களும் இம்மருந்தைத் தம்முடன் வைத்திருக்குமாறு அறிவுறுத்தினார்.

இக்காலத்தில் இடரின் இயல்பும் மாறியது. தேர்வுக்காலத்தில் கவனத்தைக் கூட்டும் மாத்திரை என்று நம்பி வாங்கியதில் ஃபென்டனில் கலந்திருக்கலாம். 2022 மே மாதம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் போலி அடரால் மாத்திரைகள் பற்றி மாணவர்களை எச்சரிக்க நேர்ந்தது. தாம் உட்கொள்வது ஓபியாய்டு என்றே அறியாதவரும் அளவுமீறலுக்கு ஆளாயினர். மூடிய விடுதி அறையில் முதலில் அருகிருப்பவர் மருத்துவர் அல்லர், அறைத்தோழரே.

அதே ஆண்டில் இயற்றப்பட்ட கலிஃபோர்னியாவின் ‘கேம்பஸ் ஓபியாய்டு சேஃப்டி’ சட்டம், சமூகக் கல்லூரிகளும் மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களும் இம்மருந்தைப் பெற்று வழங்க வேண்டுமென விதித்தது. மருந்து இருக்கும் இடத்தைப் புதுமுக மாணவர்களுக்கு அறிமுக நிகழ்விலேயே தெரிவிக்க வேண்டும் என்பதும் அதன் கூறு. 2023 மார்ச்சில் மருந்துச்சீட்டின்றி விற்கவும் ஒப்புதல் கிடைத்தது. இரு தெளிப்பான்கள் கொண்ட பெட்டியின் விலை 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 45 டாலராக இருந்தது. மாணவருக்கு அது சிறு தொகையன்று. ஆதலின் வளாகத்தின் இலவச வழங்கல் தேவையற்றதாகிவிடவில்லை.

எதிர்வாதம்

மீட்பு மருந்து எளிதாகக் கிடைத்தால் துணிந்து போதைப்பொருள் உட்கொள்வர் என்னும் வாதம் இவ்வரலாறு நெடுகத் தொடர்கிறது. பொருளியலாளர்களான ஜெனிஃபர் டோலியாக், அனிதா முகர்ஜி ஆகியோர் 2018ஆம் ஆண்டு இக்கருத்துக்குச் சார்பான ஆய்வை வெளியிட்டனர். பொதுச் சுகாதார அறிஞர் பலர் அதன் முறையியலை மறுத்தனர். வளாகத்தைப் பொறுத்தவரை இவ்வாதம் முழுமையாகப் பொருந்துவதில்லை. ஃபென்டனில் கலந்திருப்பதை அறியாமல் மாத்திரை உட்கொண்டவர், மீட்பு மருந்தை நம்பித் துணிந்தவர் ஆகார்.

முடிவுரை

நலாக்சோனின் அறுபதாண்டு வரலாறு, கண்டுபிடிப்புக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலான தொலைவை வேதியியலைவிடச் சட்டமும் நிறுவன விதிகளுமே வரையறுத்தன என்பதைக் காட்டுகிறது. செலுத்துவோருக்குப் பாதுகாப்பு, அழைப்போருக்கு மன்னிப்பு, எளிய வடிவம், அறிந்த இடம் ஆகிய நான்கும் கூடியபோதே மருந்து மாணவரை எட்டியது. இவற்றுள் ஒன்று குறையினும் சுவரில் பொருத்திய பெட்டி பயன் தராது. இரவில் தோழர் மூச்சடங்கிக் கிடக்கையில், உதவிக்கு அழைத்தால் தன் படிப்பு போய்விடுமோ என அஞ்சும் மாணவருக்கு வளாகம் முன்கூட்டியே என்ன சொல்லி வைத்திருக்கிறது என்பதே இக்கொள்கையின் உண்மையான அளவுகோல்.