இருநூற்றைம்பது வராகன்

நட்சத்திர வராகனை உள்ளங்கையில் வைத்தால் ஒரு சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். தட்டையாகக்கூட இல்லாமல் தடித்துத் திரண்ட பொன். ஒரு பக்கம் இடுப்பளவுக்குப் பெருமாள் உருவம். மறுபக்கம் மணல் தூவியதுபோலப் புள்ளிகள், அவற்றின் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம். எடை மூன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று அன்றைக்குக் கணக்கு.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக் கோட்டையில் அச்சடித்த நாணயம் இது. 1787-ல் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்கு ஆண்டுக்கு 250 வராகன் வீதம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார்கள். 250 வராகனையும் தராசில் கொட்டினால் ஒரு கிலோ தேறாது. 850 கிராம்தான் வரும். அந்த மூன்று பங்கில் இராமநாதபுரத்துப் பங்கு எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் என் கேள்வி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உத்தரவுதான் கப்பலில் வந்தது, பொன் வரவில்லை. கம்பெனியின் சென்னைக் கருவூலத்தில் இருந்தது இந்த மண்ணில் வரியாகவும் சுங்கமாகவும் திரண்ட பணம். பள்ளிக்கூடம் வெள்ளைக்காரன் போட்ட பிச்சை என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் விளைவித்தவனும், தறியில் உட்கார்ந்தவனும் கொடுத்த காசில் ஒரு துளி திரும்பி வந்தது என்பதே சரி.

கேட்டு வாங்கியவர்கள் இருவர். தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சலிவனுக்கு, துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களை நடுவில் வைத்துக்கொள்ளாமல் ஊராரோடு நேரே பேச வேண்டும். அதற்கு ஊராரில் சிலர் ஆங்கிலம் படிக்க வேண்டும். யோசனை அவருடையது. நடத்திக் காட்டியவர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். 1726-ல் பிரஷ்யாவின் சோனன்பர்க்கில் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. தமிழ் பைபிள் அச்சு வேலைக்கு உதவுவதற்காக ஜெர்மனியின் ஹாலே நகரிலேயே தமிழ் எழுத்துக்களைப் படித்துவிட்டு, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் தங்கள் குருமாரை ஐயர் என்றே அழைப்பது வழக்கம். இவரும் சுவார்ட்ஸ் ஐயர் ஆனார். லூத்தரன் குரு, சம்பளம் கொடுத்தது இங்கிலாந்துத் திருச்சபையின் சங்கம். 1779-ல் ஹைதர் அலியிடம் கம்பெனி தூது அனுப்பியதும் இவரைத்தான்.

கம்பெனி உத்தரவுக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1785-ல், இராமநாதபுரத்தில் பள்ளி தொடங்கியபோது அங்கே ஆண்டவர் முத்துராமலிங்க சேதுபதி. இவர் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1772-ல் ஆற்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தபோது அவர் பன்னிரண்டு வயதுப் பையன். தாயோடு திருச்சிக் கோட்டையில் சிறைவைத்தார்கள். அதே ஆண்டுகளில் சுவார்ட்ஸும் திருச்சியில்தான் ஊழியம் செய்துகொண்டிருந்தார். 1781-ல் விடுதலையாகி நாடு திரும்பியவர், நான்கு ஆண்டுகளில் தன்னைச் சிறைவைத்தவர்களின் மொழியைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்குத் தன் ஊரில் இடம் கொடுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1795-ல், கம்பெனி அவரைப் பதவியிறக்கி மறுபடியும் சிறையில் போட்டது. 1809-ல் சிறைவாசத்திலேயே இறந்தார். பள்ளிக்கு அவர் தந்த இசைவு மட்டும் ஊரில் தங்கிவிட்டது. அவருடைய பங்கை நான் வராகனில் அளக்க மாட்டேன்.

முதலில் படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் பிராமணர், வணிகர் வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலம், தமிழ், கணக்கு. படித்தால் கச்சேரியில் வேலை என்பதே கனவு. சேதுக்கரையில் வலை இழுத்தவனின் மகனும் தோணிக்காரனின் மகனும் அந்தக் கனவுக்குள் நுழைய இன்னும் வெகுகாலம் ஆக வேண்டியிருந்தது.

1798-ல் சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் காலமானார். 1818-ல் வராகன் போய் ரூபாய் வந்தது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். ஆக இராமநாதபுரத்துப் பங்கு 875 ரூபாய். 1820-களில் தென்னாட்டு மிஷன் வேலைகள் எஸ்.பி.ஜி. என்று நம் ஊர்களில் வழங்கும் ஆங்கிலிக்கச் சங்கத்தின் கைக்குப் போயின. ஆயர்களின் ஆளுகைக்குள் வந்த பள்ளிக்கூடம், 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் மதுரை-ராமநாதபுரம் பேராயத்துக்கு உரியதாயிற்று. ஊரார் வாயில் அது எப்போதும் சுவார்ட்ஸ் ஸ்கூல்தான். ஜெர்மன் பெயரை நாக்கு தனக்கேற்றபடி மழுக்கி வைத்துக்கொண்டுவிட்டது.

இதற்கிடையில் கடலுக்குமேல் தண்டவாளம் வந்துவிட்டது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ராமேஸ்வரத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே ஐம்பத்தைந்து கிலோமீட்டர். தீவில் ஆரம்பப் பள்ளி உண்டு. உயர்நிலைப் படிப்பு வேண்டுமென்றால் பிள்ளை பாலம் தாண்டிப் போய் விடுதியில் தங்க வேண்டும். 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கும்வரை பஸ் ஏறி ஒரே நாளில் போய் வருவது என்ற பேச்சே கிடையாது. பத்து, பதினொரு வயதில் வீட்டைப் பிரிவது என்பது அந்தக் கரையில் படிப்புக்குக் கொடுத்த விலை. அந்த விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறியதில்லை.

அப்படிப் போன பிள்ளைகளில் ஒருவர், மசூதித் தெருவில் தோணி வைத்திருந்த ஜெயினுலாப்தீனின் மகன் அப்துல் கலாம். தீவுப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவை பறப்பதைக் காட்டிப் பாடம் நடத்தியிருந்தார். விமானம் ஓட்டும் ஆசை அங்கேயே முளைத்துவிட்டது. 1940-களில் பையனை இராமநாதபுரத்துக்குக் கூட்டிவந்து சுவார்ட்ஸில் சேர்த்து, விடுதிக்கும் ஏற்பாடு செய்தவர் அகமது ஜலாலுத்தீன். பின்னாளில் கலாமின் அக்கா ஜோஹராவை மணந்தவர். ஆங்கிலம் தெரிந்தவர், பையனுக்கு மூத்த தோழன்.

புது ஊர் பிடிக்கவில்லை. கலாமே எழுதியிருக்கிறார்: கிடைத்த சந்தர்ப்பத்திலெல்லாம் ராமேஸ்வரத்துக்கு ஓடிவிடத் துடித்தாராம், அம்மா செய்யும் போளிக்காக. அம்மா பன்னிரண்டு வகை செய்வாராம். கடலைப்பருப்பை மலர வேகவைத்து, வெல்லமும் ஏலமும் சேர்த்து மசித்து, உருட்டி மாவுக்குள் பொதிந்து, எண்ணெய் தடவிய இலையில் வட்டமாகத் தட்டிக் கல்லில் போடும்போது விளிம்பு முறுகி எழும் வாசனை இருக்கிறதே, விடுதிச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஊர் நினைப்பு வேறில்லை. ஏக்கம் இருந்தது, ஆனாலும் தங்கினார். ஜலாலுத்தீனின் நம்பிக்கையை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் ஒன்று. அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியர் இன்னொன்று. ஆசை, நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்ற மூன்றையும் பழகிக்கொண்டால் விரும்பியதை அடையலாம் என்பது அவர் மாணவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆசிரியரும் மாணவருமாக இருந்தவர்கள் நண்பர்களைப்போல ஆனார்கள்.

அந்த மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார் இன்னொரு ஐயர், ராமகிருஷ்ண ஐயர். ஒருநாள் அவர் வேறொரு வகுப்பை நடத்திக்கொண்டிருந்தபோது கலாம் அறியாமல் அந்த வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டார். பிடரியைப் பிடித்து நிறுத்தி, வகுப்பு முழுக்கப் பார்க்கப் பிரம்படி. பல மாதங்கள் கழித்துக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியபோது, அதே ஐயர் காலைக் கூட்டத்தில் அத்தனை பிள்ளைகள் முன்னாலும் அந்த அடியை எடுத்துச் சொல்லி, இந்தப் பையன் பள்ளிக்கும் ஆசிரியர்களுக்கும் பெருமை சேர்ப்பான் என்றார். அடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை; பிள்ளையை அடிக்கத் தேவையே இல்லை. ஆனால் ஊரறிய அடித்தவர், ஊரறியவே அதைத் தானாக முன்வந்து நேர்செய்தார். பெருமாள் முத்திரை போட்ட பொன்னில், லூத்தரன் குரு வளர்த்த பள்ளி. அங்கே ஒரு பிராமண ஆசிரியர் ஒரு மரைக்காயர் வீட்டுப் பிள்ளைக்கு வருங்காலம் சொல்கிறார். யாரும் திட்டமிட்டு வரவழைத்த காட்சி இல்லை அது. சலிவன் கேட்டது தன்னோடு நேரே ஆங்கிலத்தில் பேச ஆட்கள்.

1950-ல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்குப் போனார். அதற்கடுத்து விமானப் பொறியியல் படிக்கச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. ஒருகாலத்தில் இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடமே ஓர் ஆண்டு நடக்கக் கிடைத்த தொகையைவிட அது சற்று அதிகம்.

இந்த முறை பொன் சென்னையிலிருந்து வரவில்லை, ராமேஸ்வரத்திலேயே இருந்தது. அன்று பையனைப் பாலம் தாண்டிக் கூட்டிப்போன ஜலாலுத்தீனின் மனைவி, அக்கா ஜோஹரா, தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். என் சொந்தச் சம்பாத்தியத்தில் இவற்றை மீட்டுத் தருவேன் என்று தம்பி மனத்துக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். சம்பாத்தியம் எதுவும் இல்லாத அந்த வயதில் அதற்கு இருந்தது ஒரே வழி: நன்றாகப் படித்து உதவித்தொகை வாங்குவது.