ஆல்ட்டோ என்றால் யார்?

ஆல்ட்டோ பூச்சாடியை வடிவமைப்பு படிக்கும் எந்த மாணவிக்கும் தெரிந்திருக்கும். குளக்கரைபோல வளைந்து நெளியும் கண்ணாடிச் சுவர். 1936-இல் பின்லாந்தின் கார்ஹுலா–இட்டாலா தொழிற்சாலை நடத்திய போட்டியில் ஆல்வர் ஆல்ட்டோவுக்குப் பரிசு வாங்கித் தந்த வடிவம் அது. அடுத்த ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போனது.

அதை ஊதி எடுப்பது எளிதாக இல்லை. எஃகுத் தகடுகளை வளைத்து நிறுத்தி, நடுவில் ஊதிப் பார்த்தார்கள்; சரிவரவில்லை. பிறகுதான் மர அச்சு. நனைத்த மரத்துக்குள் உருகிய கண்ணாடியை இறக்கி ஊதும்போது, நீர் ஆவியாகி இரண்டுக்கும் நடுவே மெல்லிய திரையாக நிற்கும். அப்படியும் ஒவ்வொரு முறையும் மரம் கொஞ்சம் கருகும். கருகக் கருக அச்சின் உட்சுவர் மாறும், கண்ணாடியின் மேனியும் மாறும். 1950களில் இரும்பு அச்சு வந்த பிறகு இந்த வேறுபாடு மறைந்தது.

போட்டிக்கு அந்த வரைபடங்கள் போன பெயர் ‘எஸ்கிமோ பெண்ணின் தோல் கால்சட்டை’. இதைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பு எழும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வடதுருவப் பெண்கள் தோலை வெட்டித் தைத்த கைவேலை இங்கே ஒரு வேடிக்கைப் பெயராக மட்டும் நுழைகிறது. ‘எஸ்கிமோ’ என்ற சொல்லையே அம்மக்களில் பலர் இன்று ஏற்பதில்லை.

இன்னொரு பெண்ணும் இருக்கிறார். ஐனோ ஆல்ட்டோ, 1920-இல் பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர். 1924-இல் ஆல்வரின் அலுவலகத்தில் சேர்ந்தார், அதே ஆண்டு மணந்தார். 1932-இல் இதே தொழிற்சாலையின் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றார். நீரில் கல் விழுந்தால் விரியும் வளையங்களை உடலில் சுற்றிய, அச்சில் அழுத்திச் செய்யும் கண்ணாடிப் பாத்திரங்கள். 1936 மிலான் கண்காட்சியில் அவற்றுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பின்னிஷ் மொழியில் ‘ஆல்ட்டோ’ என்றாலே அலை. (நம் அலையோடு ஒலி ஒட்டுவது தற்செயல்தான்.) அந்த அலையைக் கண்ணாடியில் நான்கு ஆண்டு முன்பே கொண்டுவந்தவர் ஐனோ. அவரைப் பார்த்து ஆல்வர் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரே மேசையில் வேலை செய்தவர்களிடம் அந்தக் கணக்குக் கேட்பதும் வீண். பூச்சாடி கலையாகவும் தண்ணீர் டம்ளர் சமையலறைச் சாமானாகவும் வரலாற்றில் ஏறியதுதான் என் கேள்வி.

இரண்டும் இன்றும் விற்பனையில் உள்ளன. பூச்சாடிக்கு ‘ஆல்ட்டோ’ என்ற ஒரு சொல் போதும். டம்ளருக்கு ‘ஐனோ’வையும் சேர்த்தாக வேண்டும்.

1939 நியூயார்க் கண்காட்சிக்காக இருவரும் சேர்ந்து, ஒன்றுக்குள் ஒன்று அமரும் கண்ணாடிப் பாத்திரங்களால் ஒரு மலரை உருவாக்கினார்கள். அதன் பெயர் ‘ஆல்ட்டோ மலர்’.