சரக்குக்கு வந்த ரயில் ஆளுக்கு வரவில்லை

ஓர் ஊருக்கு முதலில் வருவது பேருந்தா, காரா? அந்த ஊர் மக்களின் செலவையும் நேரத்தையும் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது. இதற்குப் பாசிர் கூடாங்கின் வரலாறு நல்ல சான்று.

ஜொகூர் நீரிணையோரம் சிற்றூராக இருந்த பாசிர் கூடாங், 1970-களில் தொழில் நகரமாக உருவெடுத்தது. 1977-இல் ஜொகூர் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. கெம்பாஸ் பாருவிலிருந்து துறைமுகத்திற்கு ரயில் பாதையும் போடப்பட்டது. ஆனால், அது சரக்கு ரயிலுக்கான பாதை. கொள்கலன்களுக்குத் தண்டவாளம் கிடைத்தது. தொழிலாளிக்குச் சாலைதான் மிஞ்சியது.

ஆலைகள் கம்பெனி பஸ் விட்டன. வேலை நேரத்தையொட்டி ஓடும் அந்த பஸ், மருத்துவமனைக்குச் செல்லும் முதியவருக்கோ ஜொகூர் பாருவில் படிக்கும் பிள்ளைக்கோ உதவாது. 1985-இல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் பெரோடுவா கஞ்சிலும் விற்பனைக்கு வந்தன. நடுத்தரக் குடும்பத்திற்கும் கார் எட்டும் பொருளானது. காரை நம்பியே தாமான்களும் பரவின. தோட்டத்தை விட்டு ஆலை வேலைக்கு வந்த நம்மவர் குடும்பங்களுக்கும் காரின் மாதத் தவணை தவிர்க்க முடியாத செலவாகிவிட்டது. ஆடம்பரமாக நுழைந்த கார், அவசியமாக நிலைத்துவிட்டது.

நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் என்ன செய்தது? 1973-இல் சிதறிக் கிடந்த பேருந்து நிறுவனங்களை ஒன்றிணைத்தது. அதன்பிறகே, 1975-இல், காலை வேளையில் நகர மையத்திற்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டணம் விதித்தது. நால்வர் சேர்ந்து வரும் காருக்கு விலக்கும் அளித்தது. 1987-இல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது. மாற்று வழியைச் சீர்ப்படுத்திய பிறகே காருக்குக் கடிவாளம் போட்டதுதான் இதிலுள்ள பாடம்.

ஜொகூரும் முயலாமல் இல்லை. 2016-இல் மாநில அரசு இலவசப் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ரயில் பாதை, ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகளை ஏற்றிச் செல்லும் வகையில் திட்டமிடப்பட்டது.

ஆனால், பாசிர் கூடாங் தொழிலாளி புக்கிட் சாகார் வரை எப்படிப் போவார்? குறித்த நேரத்தில், அடிக்கடி வரும் பேருந்து அவர் தாமான் வாசலில் இல்லையென்றால், அந்த ரயிலைப் பிடிக்கவும் காரைத்தான் எடுப்பார். நெரிசல் பாலத்திலிருந்து ரயில் நிலைய வாசலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

துறைமுகம் கட்டியபோது சரக்கின் பாதையை முன்கூட்டியே யோசித்தார்கள். அதே அக்கறை ஆட்களின் பாதைக்கும் வேண்டும். வட்டாரப் போக்குவரத்துத் திட்டம் தொழிலாளியின் வீட்டு வாசலிலிருந்து தொடங்கட்டும்!