வண்ணக்கரும் இன்றைய நாணயத் தேர்வும்

பொன்னின் மாற்றையும் காசின் தரத்தையும் ஆய்ந்துரைப்போரைப் பண்டைத் தமிழர் வண்ணக்கர் என்றனர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் முதலிய சங்கப் புலவர் பெயர்களில் அத்தொழிற்பெயர் நின்று விளங்குகின்றது. சோழர் கல்வெட்டுக்களில் பயிலும் ‘அன்றாடு நற்காசு’ என்னும் தொடரும், வழங்கிய காசுகளுள் நல்லனவே தேர்ந்து கொள்ளப்பட்டமையைக் காட்டும்.

வண்ணக்கர் நோக்கியது மாற்றும் நிறையும். இன்றைய தேர்வாளரோ காசின் தேய்வையும் மேற்பரப்பையும் சேர்த்து நோக்குவர். அமெரிக்கரான வில்லியம் செல்டன் 1949இல் செப்புக் காசுகளுக்கென வகுத்த 70 படி அளவையே இதற்கு அடிப்படை. புளியிட்டுத் துலக்கிய காசு, மாற்றிற் குறையாதாயினும், இவ்வளவையில் பெரும்பாலும் எண் பெறுவதில்லை.

செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் வாணிகம் நடத்தினர்; ஆதலின் காரைக்குடி வட்டார இல்லங்களில் அந்நாட்டுக் காசுகள் எஞ்சியிருத்தல் இயல்பே. அவற்றைத் தேர்வுக்கு விடுப்போர் துலக்காது விடுத்தல் வேண்டும். துலக்கினால் ஒளி கூடும். பல கை மாறி வந்த வரலாற்றுத் தடமோ அழியும் என்பதே நாம் ஈண்டு வற்புறுத்துவது.