வானொலியில் ஓர் உவமையாளர்

வானொலிக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவு நெடியது. 1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பயஸ் தொடங்கி வைத்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1951-இல், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அதிதூதர் கபிரியேலைத் தொலைத்தொடர்புத் துறையினரின் பாதுகாவலராக அறிவித்தார். இத்தேர்வு நம் சிந்தனைக்குரியது. நாசரேத்தின் எளிய இல்லத்தினுள் வந்த தூதர் முதலில் வாழ்த்தினார். கேட்டவரின் கலக்கத்தை உணர்ந்தார். அவருடைய கேள்விக்கு விடை கூறினார். அவர் இசைவு தெரிவித்ததும் அகன்றார். நம் வீட்டினுள் அழையாமலே வந்து பேசும் குரல் எத்தகையதாய் இருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் உண்டோ?

இவ்விலக்கணத்தை நினைக்கும்பொழுதெல்லாம் நம் நினைவில் எழுபவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். அவர் கிறிஸ்தவர் அல்லர். சமயப் பரப்புரையாளரும் அல்லர். அரசின் பொது வானொலியில் பணிபுரிந்த ஓர் ஊழியர். ஆயினும் இறைவார்த்தையைப் பேசும் பொறுப்புடையோர் அவரிடம் கற்கவேண்டியது மிகுதி.

அவர் வந்து சேர்ந்த வானொலியின் கதையைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். தமிழகத்தில் ஒலிபரப்பைத் தொடங்கியவர்கள் ஆர்வலர் சிலரே. 1924-இல் அமைந்த சென்னை மாகாண வானொலிக் கழகம் பணமுடையால் நின்றுபோக, 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. நெல்லையில் நிலையம் அமைந்தது 1963-இல். சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

வானொலிப் பெட்டி வாங்க வசதியற்ற நாள்களில், பஞ்சாயத்து வானொலியின் முன் மாலைதோறும் ஊரார் கூடினர். எழுத்தறியாதவரும் அங்கே அறிவு பெற்றனர். 1960-களில் தஞ்சைத் தரணியில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் பரவியபொழுது, உழவர்கள் அதற்கு இட்ட பெயர் 'ரேடியோ நெல்'. வானொலி சொன்னதைக் கேட்டு விதைத்தார்கள். விளைந்ததும் வானொலியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பேச்சை நம்பி நிலத்தை ஒப்படைத்த மக்களின் நம்பிக்கை எளிய ஒன்றன்று. தவறான சொல் ஒன்று ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவையே அழித்துவிடக்கூடும் அன்றோ?

இந்த உழவர் ஒலிபரப்பின் வழியாகவே சுவாமிநாதன் வானொலிக்கு வந்தார். கொள்ளிடக் கரையை அடுத்த தென்கச்சிப்பெருமாள்நத்தம் அவர் பிறந்த ஊர். ஊர்ப்பெயரின் முற்பகுதியே அவருக்கு அடைமொழியாயிற்று. வேளாண்மை பயின்ற அவர், 1977-இல் நெல்லை வானொலியில் சேர்ந்து உழவர்களுக்காகப் பேசினார். 1984-இல் சென்னைக்கு மாறினார். 1988-இல் தொடங்கிய 'இன்று ஒரு தகவல்' அவரைத் தமிழ்நாடு முழுவதற்கும் உரியவராக்கியது. 2002-இல் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் காலைதோறும் அவர் பேசினார்.

அவருடைய பேச்சு எத்தகையது? கணீரென்று முழங்கும் குரல் அன்று. தயங்குவதுபோன்ற மெல்லிய குரல். திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோன்ற நடை. அறிவியல் செய்தியோ உடல்நலக் குறிப்போ எதுவாயினும், பக்கத்துவீட்டுக்காரரிடம் கூறுவதுபோல் கூறுவார். முல்லா கதையும் ஜென் கதையும் அவர் வாயில் நம்மூர்க் கதைகளாக மாறின. இறுதியில் ஒரு நகைச்சுவை வரும். கேட்போர் சிரிப்பர், அவர் சிரிக்கமாட்டார். அந்நகைச்சுவையில் கேலிக்குள்ளாகிறவர் பெரும்பாலும் அவரேயன்றி வேறொருவர் அல்லர். தம்மைத் தாழ்த்திக்கொண்டு பேசியதால், அவர் கூறிய அறிவுரை எவரையும் புண்படுத்தவில்லை. சமையலறையில் அடுப்பின்முன் நின்ற தாயும், வேலைக்குப் புறப்பட்ட தொழிலாளியும், பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் ஒரே வேளையில் ஒரே கதையைக் கேட்டனர். சாதியும் சமயமும் அந்த நேரத்தில் எவரையும் பிரிக்கவில்லை.

அவர் பேசிய காலத்தையும் நாம் கருதவேண்டும். 1990-களில் தனியார் தொலைக்காட்சிகள் வீடுதோறும் நுழைந்தன. காட்சியின் கவர்ச்சிக்குமுன் வானொலி மங்கிவரும் என்று பலரும் எண்ணிய அவ்வேளையில், இசையும் நாடகமும் இன்றி, தனியொரு மனிதர் பேசிய சில நிமிடங்களுக்காக மக்கள் வானொலிப் பெட்டியைத் திருப்பினர். பின்னர் அவரே தொலைக்காட்சியிலும் பேசினார். சாதனம் மாறியதே தவிர, பேச்சின் எளிமை மாறவில்லை.

இதில் நமக்குரிய பாடம் யாது? நம் ஆண்டவரும் உவமைகளால் பேசினார். விதைப்பவரையும் புளிப்பு மாவையும் காணாமற்போன காசையும் கொண்டே இறையாட்சியின் மறைபொருளை விளக்கினார். கேட்டவர்களின் வயலும் அடுப்பங்கரையுமே அவருடைய நூலகம். 2013-இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் மறையுரைக்கெனப் பல பத்திகளை ஒதுக்கினார். மறையுரை சுருக்கமாய் இருக்கவேண்டும், விரிவுரையாக மாறிவிடலாகாது என்றார். மறையுரையாளர் இறைவார்த்தையை மட்டுமன்றித் தம் மக்களையும் ஆழ்ந்து நோக்கவேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

வாரந்தோறும் நம் ஆலயங்களில் களைத்த உடலோடும் கவலைகளோடும் அமர்ந்திருக்கும் மக்கள் கேட்க விழைவது கடிந்துரையை அன்று. மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், அன்பியக் கூட்டங்களை நடத்துவோருக்கும், பிள்ளைகளுக்கு அறிவுரை கூறும் பெற்றோருக்கும் இது பொருந்தும். வானொலி கேட்பவர் பேச்சுப் பிடிக்காவிடில் பொத்தானைத் திருப்பிவிடலாம். வானொலிக்காரர் அவ்வச்சத்தோடுதான் பேசுகிறார். ஆலயத்தில் இருப்பவரோ எழுந்து போவதில்லை. உள்ளத்தை மட்டும் மூடிக்கொள்கிறார். அது பேசுபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே நம் பொறுப்பு வானொலிக்காரருடையதினும் பெரிது.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் தென்கச்சியார் மறைந்தார். அவருடைய தகவல்கள் நூல்களாக நம்மிடம் உள்ளன. ஆயினும் ஒரு கதைக்கும் அதன் முடிவுக்கும் இடையே அவர் விட்ட அந்தச் சிறு இடைவெளியை அச்செழுத்தால் தர இயலாது. கேட்பவர் தாமே சிந்தித்து உண்மையைக் கண்டுகொள்ள அவர் விட்டுவைத்த இடம் அது. அடுத்தமுறை நாம் எவருக்கேனும் நல்லது சொல்ல வாய் திறக்குமுன், அவருக்கும் அத்தகைய ஓர் இடத்தை விட்டுவைப்போமாக.