குளமும் பங்கும்: உலர் வலயத்தின் பெத்ம வழக்கம்

ஈழத்துப் பண்டை நீர்ப்பாசனத்தைப் பற்றிப் பேசுவோர் மகாசேனனது மின்னேரிக் குளத்தையும், தாதுசேனனது கலாவாவியையும், பராக்கிரமபாகுவின் பராக்கிரம சமுத்திரத்தையுமே பெரிதும் எடுத்தோதுவர். அவை அரசரின் ஆற்றலுக்குச் சான்றாவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் உலர் வலயத்துக் குடிகளை ஆண்டுதோறும் காத்தவை ஊர்தோறும் அமைந்த சிறு குளங்களே. அவற்றை நிலைபெறச் செய்தது மண்ணணை மட்டுமன்று. நீர் குறையுங்கால் அக்குறையை எவ்வாறு பகிர்வது எனக் குடிகள் முன்னரே செய்துகொண்ட உடன்பாடுமாகும்.

உலர் வலயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழை பெறுவது. அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதலான சில மாதங்களிலேயே பொழிந்துவிடும். ஆதலாற் காலபோகம் மழையையும் குளத்தையும் ஒருங்கே நம்பி நிற்க, சிறுபோகம் குளத்தில் எஞ்சிய நீரையே பெரிதும் நம்பி நிற்கும். குளங்களும் தனித்தவையல்ல. மேட்டுக் குளத்தின் வான்நீரும், அதன் வயல்களிலிருந்து வடியும் நீரும் கீழுள்ள குளத்தைச் சென்றடையும். இவ்வாறு தொடர்ந்த குளநிரையைச் சிங்களத்தில் எல்லங்காவ என்பர். மேலூரார் செய்யும் பிழை கீழூராரையும் தாக்குமாதலின், ஒத்துழைப்பு இங்கு வாழ்வின் தேவையாயிற்று.

குளத்தைப் பேணுங் கடமை நிலத்தின் அளவுக்கேற்பப் பகுக்கப்பட்டது. அணையில் இத்துணை நீளம், வேலியில் இத்துணை நீளம் என ஒவ்வொரு வயலுடையோனுக்கும் குறிக்கப்பட்டது. இதனைச் சிங்கள மக்களும் பங்கு என்றே வழங்குவர். இரு மொழிக்கும் பொதுவாகிய அச்சொல் உரிமையையும் கடமையையும் ஒருங்கே உணர்த்துவது.

இவ்வொழுங்கின் சிறப்பு வறட்சியிலேதான் விளங்கும். சிறுபோகத்துக்கு முன் கமக்காரர் கூடிக் குளத்து நீரை மதிப்பிடுவர். முழுவயலுக்கும் நீர் போதாதெனின், அணையை அடுத்த பகுதியை மட்டுமே விதைக்கத் தீர்மானித்து, அதனை எல்லாப் பங்காளருக்கும் அவரவர் உடைமைக்கேற்ப அப்போகத்துக்கு மட்டும் பகிர்ந்தளிப்பர். இதுவே பெத்ம எனப்படும். நான்கு ஏக்கர் உடையவன், பாதி வயலுக்கே நீருள்ளபோது இரண்டு ஏக்கர் விதைப்பான். அவன் வயல் கடைக்கோடியிலிருப்பினும் அணையின் அருகே நிலம் பெறுவான். வாய்க்காலின் நீளம் குறைதலால் நீர் வீணாவதுங் குறையும். தலைவயலுடையோன் தன் நிலத்தைப் பிறனுக்கு விட்டுக்கொடுத்தல் எளிதன்று. எனினும் விதி வறட்சிக்கு முன்னரே வகுக்கப்பட்டிருந்தமையால், அது ஒருவர்பாற் சார்ந்த தீர்ப்பாகத் தோன்றவில்லை.

இவ்வழக்கங்களின் வலிமை அந்நிய ஆட்சியிலே சோதனைக்குள்ளாயிற்று. 1832 ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியது நன்றே. ஆனால் அணை திருத்தும் பொதுப்பணியை வற்புறுத்தும் அதிகாரமும் அதனோடு தளர்ந்தது. அதற்கு ஈடாக வேறொன்றும் வைக்கப்படவில்லை. பல குளங்கள் சீர்கெட்டன. பின்னர்த் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பண்டை நீர்ப்பாசன வழக்கங்களுக்கு உயிரூட்ட முனைந்தது. ஊர்தோறும் நீர்ப்பங்கை மேற்பார்த்த வெல்விதானையின் பதவியை 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் நீக்கி, பயிர்ச்செய்கைக் குழுக்களை நிறுவியது. அரசு வழக்கத்துக்கு வலுவூட்டலாம். ஆனால் குடிகளின் உடன்பாட்டுக்கு ஈடாக நிற்றல் அதற்கு அரிது என்பதே இம்மாற்றங்கள் புகட்டும் பாடம்.

பெத்ம வழக்கத்தைக் குறையற்றதெனக் கூறுதலும் பொருந்தாது. அது பங்காளரிடையே நிலவிய நீதி. நிலமற்றோனுக்கு அதில் இடமில்லை. இன்று ஒத்துழைப்பை வேண்டுவோர் இக்குறையையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

2016, 2017 ஆம் ஆண்டுகளில் இலங்கை கடும் வறட்சியுற்றது. அந்த 2017 ஆம் ஆண்டிலேயே உலக உணவு விவசாய நிறுவனம் உலர் வலயக் குளத்தொடர் முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றுக்கொண்டது. பருவநிலை மாறி மழை தவறும் இக்காலத்திலே, அணைகளைத் திருத்துவதோடு அமையாது, இழப்பைப் பகிரும் விதிகளையும் திருத்தி அமைத்தல் வேண்டும். நீர் வற்றிய பின்னர்க் கூடுவோர் பூசலிடுவர். வற்றுமுன் கூடுவோரே பங்கிட்டு வாழ்வர்.