நிக்காவில் பிறந்த பிள்ளை எந்த நாட்டவர்?

கம்பெனி சட்டத்தில் முன்னுரிமைப் பங்கு பற்றிப் படித்திருப்பீர்கள். பொதுவாக அதற்கு ஓட்டு இல்லை; ஆனால் லாபத்தில் முதல் உரிமை உண்டு. ஓட்டும் இல்லை, லாபமும் இல்லை என்று ஒரு நாட்டு மக்களையே வைத்திருந்த கதை இது. நாடு அல்ஜீரியா. ஆண்டது பிரான்ஸ்.

1830ல் படையெடுத்து வந்த பிரான்ஸ், 1865ல் ஒரு சட்டம் போட்டது. அல்ஜீரிய முஸ்லிம்கள் பிரெஞ்சு நாட்டவர்தான், ஆனால் குடிமக்கள் அல்ல! குடிமகனாக வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்து, திருமணத்திலும் மணவிலக்கிலும் வாரிசுரிமையிலும் இஸ்லாமியச் சட்டத்தைக் கைவிட வேண்டும். பலதார மணமும் தலாக்கும் பிரெஞ்சுச் சட்டத்துக்கு ஒத்துவராது என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் ஒரே மனைவியோடு வாழ்ந்தவருக்கும், கல்யாணமே ஆகாதவருக்கும் இதே விதிதான். நிக்காவில் பிறந்த பிள்ளையும் அப்பாவைப் போலவே குடியுரிமை இல்லாத நாட்டவர். அடுத்த 50 வருடங்களில் இந்த வழியில் குடிமகன் ஆன முஸ்லிம்கள் சுமார் 2,400 பேர் மட்டுமே.

சரி, உண்மையிலேயே பிரச்சினை திருமணம்தானா? மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

1870: அங்கிருந்த யூதர்களின் மதச் சட்டத்திலும் பலதார மணத்துக்கு இடமிருந்தது. ஆனாலும் கிரெமியூ ஆணை சுமார் 35,000 யூதர்களை ஒரே கையெழுத்தில் குடிமக்களாக்கியது.

1889: அல்ஜீரியாவில் பிறந்த ஸ்பானிய, இத்தாலிய, மால்டா நாட்டுப் பிள்ளைகள், வேண்டாம் என்று மறுத்தால் ஒழிய, வயது வந்ததும் தானாகவே பிரெஞ்சுக் குடிமக்கள். பரம்பரையாக அதே மண்ணில் பிறந்த முஸ்லிம் பிள்ளைக்கு அது கிடையாது.

1903: கிறிஸ்தவராக மாறியவர்களின் கதி என்ன? "முஸ்லிம்" என்பது மதத்தை மட்டும் குறிப்பதல்ல, பிறப்பையும் குறிக்கும் என்று அல்ஜியர்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, மதம் மாறினாலும் சட்டப்படி அவர் முஸ்லிமே!

திருமணம் வெறும் சாக்கு என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

1946ல் மதச் சட்டத்தைக் கைவிடாமலே குடியுரிமை கொடுத்தார்கள். ஆனால் பழைய கோடு அழியவில்லை. 1962ல் அல்ஜீரியா விடுதலை அடைந்தபோது, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் இருந்தவர்களுக்குப் பிரெஞ்சு நாட்டுரிமை தானாகவே நீடித்தது. இஸ்லாமியச் சட்டத்தின் கீழ் இருந்தவர்களோ பிரான்ஸில் குடியேறி, 1967 மார்ச்சுக்குள் எழுதிக்கொடுத்தால்தான் உண்டு. சின்னப் பிள்ளைகளின் நாட்டுரிமை பெற்றோர் எழுதிக்கொடுத்ததைப் பொறுத்தது.

தாத்தா எந்தச் சட்டப்படி கல்யாணம் செய்தார் என்பது பேரனின் பாஸ்போர்ட்டைத் தீர்மானித்திருக்கிறது. இதில் அந்தக் குழந்தை செய்த குற்றம் என்ன?